பெரிய அண்ணிக்கு ஒரு ஜோடி

சலவைக்கடையில் கறை எடுக்கிற மேசைக்கு அவள் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. துணியை வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பிடித்தால் போதும், இது காப்பி, இது பேனா மை, இது நாய் நக்கினது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, இதைப் போட்டிருந்தவர் பொய் சொல்லி வியர்த்திருக்கிறார் என்றாளாம். சட்டைக்காரர் சட்டையைக்கூட வாங்க வரவில்லை. கடையில் எல்லோருக்கும் அவள் கறையம்மா.

இந்தக் கறையம்மாவுக்கு முப்பத்தெட்டு குதிரைகள் இருந்தன. எல்லாம் கைபேசிக்குள்தான். நிஜக் குதிரையின் பக்கத்தில் அவள் ஜென்மத்தில் நின்றதில்லை. ஆனால் அந்த விளையாட்டில் லாயம் வைத்திருக்கும் இரண்டு லட்சம் பேரில், குட்டி என்ன நிறத்தில் பிறக்கும் என்று தாயையும் தகப்பனையும் பார்த்தே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று பேச்சு. வம்சாவளியை எல்லாம் சலவைத் துணியில் குத்துகிற அட்டைத் துண்டுகளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஊசியால் குத்தி வைத்திருந்தாள். உப்பு எடுக்கக் கதவைத் திறந்தால் ஏழு தலைமுறை தெரியும்.

குட்டிகளுக்குப் பேர் வைக்க அவள் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. குணத்தைப் பார்ப்பாள், சொந்தக்காரர்களில் யாருக்கு அந்தக் குணமோ அவர்கள் முறையைப் பேராக வைத்துவிடுவாள். நின்றுகொண்டே தூங்குகிற கிழட்டுக் குதிரை மாமனார். இரண்டாம் பரிசு கொடுத்தால் நடுவரைக் கடிக்கப் போகிற குதிரை சம்பந்தியம்மா. இதில் ஒரு வினை இருந்தது. ஒரு தடவை போட்டியில் இறங்கிவிட்ட குதிரைக்கு அதன்பின் பேரை மாற்ற முடியாது.

லாயத்தின் மகாராணி பெரிய அண்ணி. கரிய மேனி, வெள்ளிப் பிடரி, எழுதி வைத்தாற்போல ஒரு கழுத்து. கழுத்துக்கு மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பிடிவாதத்துக்குத் தொண்ணூற்றெட்டு. நடைதான் சுமார். நடையில் புலி என்றால் அதே லாயத்து வீட்டுக்காரர். நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் பார்க்க ஒன்றுமில்லாத குதிரை. ஆனால் முதுகில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாத நடை. லிஃப்ட் பழுது பார்க்கிற அவளுடைய நிஜ வீட்டுக்காரர் தினமும் வாசற்படியில் இடறுகிறவர். அந்தப் பேர் எப்படி அமைந்தது என்று கேட்டால், "சாந்தமான குணம்" என்று மட்டும் சொல்வாள்.

இந்த இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குட்டி எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் பொத்தானை அமுக்கக் கை வரவில்லை. பெரிய அண்ணி என்றால் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா அல்லவா? ரத்தத்தில் ஒரு சம்பந்தமும் இல்லாத இரண்டு குதிரைகள்தான், ஆனாலும் பேர் பேர்தானே. ஒரு பெண் குதிரைக்கு ஐந்தே ஈற்று. முறை தவறாத வரன்களாகப் பார்த்துப் பார்த்து நாலு ஈற்றை ஆறு வருஷத்தில் வீணடித்தாள். நாலு குட்டியும் தாயின் பிடிவாதத்தையும் தகப்பனின் கோணல் முட்டியையும் கொண்டு பிறந்தன. மீதி இருந்தது ஒரே ஒரு ஈற்று.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை நிஜமான பெரிய அண்ணி கடைக்கு வந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர்; கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர்; அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவர். குடும்பத்தில் சின்னப் பிள்ளைகூட அவரைச் செக்கர் என்றுதான் சொல்லும். கம்பளிக் கோட்டில் கொட்டிய டீயைக் காட்ட வந்தவரின் கண், மேசைமேல் மினுக்கிய கைபேசியில் விழுந்தது. கறையம்மாவின் கையில் ரப்பர் உறை, விரலில் சோப்பு. தடுக்க முடியவில்லை.

செக்கர் நிதானமாக வாசித்தார். "பெரிய அண்ணிக்கு வயதாகிவிட்டது. ஆறு நாட்களுக்குள் ஜோடி சேர்க்காவிட்டால் ஓய்வுக்கு அனுப்பப்படும்."

ஆவி இஸ்திரி உஸ்ஸென்றது. 

"ஏம்மா, என்னை எங்க அனுப்புறதா உத்தேசம்?"

"ஐயோ அண்ணி, அது வந்து..."

"ஜோடியெல்லாம் எனக்கு வேண்டாம்னு முப்பது வருஷம் முன்னாடியே உன் மாமனார்கிட்ட சொல்லியாச்சு."

ஓடுகிற ரயிலில் கழிப்பறைக்குள் ஒளிந்தவனை மூச்சுச் சத்தத்தை வைத்தே பிடித்தவர் அவர். அவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கறையம்மா உறையைக் கழற்றிவிட்டுக் குதிரையைக் காட்டினாள். செக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிடிவாதம் தொண்ணூத்தெட்டா?"

"ஆமா அண்ணி."

"அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சு?"

கறையம்மாவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"கழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார் செக்கர், தன் கழுத்தைத் தடவிக்கொண்டே. "இவ்வளவு லட்சணமா இருக்கிறவளுக்கு இன்னும் ஏன் ஜோடி அமையலை?"

"அமைஞ்சிருக்கு அண்ணி. அப்படி ஒரு பொருத்தம். ஆனா அந்தக் குதிரை பேரு... வீட்டுக்காரர்."

செக்கர் கைபேசியைக் கையைச் சுட்ட பாத்திரம் போலக் கீழே வைத்தார். "என் தம்பியா? சீ."

"அதனாலதான் ஆறு வருஷமா அமுக்காம இருக்கேன்."

ஹேங்கர் அடுக்கிக்கொண்டிருந்த கடை முதலாளி, "வெறும் பேருதானேம்மா, கண்ணை மூடிட்டு அமுக்கிடுங்க," என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் மனுஷன் பின்கட்டுக்குப் போனவர், கடை சாத்துகிற வரை வெளியே வரவில்லை.

செக்கர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் கறையம்மா நினைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் அந்த விளையாட்டின் விதிமுறைகள், அறுபத்து மூன்று பக்கம், அச்செடுத்து, பாதிக்குமேல் சிவப்புக் கோடு. உலகத்தில் அதை முழுக்கப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். எழுதினவனே படித்திருக்க மாட்டான்.

"நாற்பத்தோராவது விதி," என்றார். "ஒரு குதிரை வேற லாயத்துக்கு மாறினா, வாங்குறவங்க ஒரு தடவை புதுப் பேர் வைக்கலாம். நான் ஒரு லாயம் திறந்துட்டேன். காலியாத்தான் இருக்கு. அவளை எனக்குக் கொடு, பேரை மாத்துறேன், அப்புறம் முறை ஒண்ணும் குறுக்க நிக்காது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "எதுக்கு முறை?"

மனைவி சொன்னாள். தான் ஒரு குதிரை என்பதை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார். கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "எனக்குக் குட்டி உண்டா?" என்று கேட்டார்.

"மத்த லாயங்கள்ல இருக்கிறதையும் சேர்த்து நாற்பத்தொண்ணு."

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

"ஆனா நாற்பத்தி ரெண்டாவது விதியையும் கேட்டுக்கோ," என்றார் செக்கர். "குட்டி, தாய் இருக்கிற லாயத்துக்குத்தான் சொந்தம். அது எனக்கு வந்துடும். ஒளிச்சுச் சொல்லக் கூடாது பாரு."

கறையம்மாவின் முகம் சுருங்கியது. ஆறு வருஷமாகக் கனவு கண்ட குட்டி. பிறந்தால் மாடிக்குப் போகும். போட்டியில் அவளுக்கு எதிராகவே நிற்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் கறை எடுத்த லட்சணத்தில் ஒரு வெள்ளைச் சட்டை இளநீலமாகிப் போனது. சனிக்கிழமை மத்தியானம் அண்ணியின் கோட்டை எடுத்துத் தேய்த்தாள். டீக்கறை இழை இழையாக விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள்: நாளைக்கு ஓய்வுக்குப் போய்விட்டால் அந்தக் கழுத்து வெறும் படம். அந்த வெள்ளிப் பிடரி இனி எந்தக் குதிரைக்கும் வராது. யார் லாயமாக இருந்தால் என்ன, ஓடட்டுமே. ஈரக் கையோடு பெரிய அண்ணியை மாடிக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் குதிரையின் பேர் "எஸ் ஏழு, நாற்பத்தொண்ணு" என்று மாறியிருந்தது.

"இது என்ன பேர் அண்ணி?" என்று போன் போட்டாள்.

"பெட்டி நம்பர், சீட் நம்பர். யாருக்கும் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை."

அத்தோடு விட்டாரா? ஜோடி சேர்க்க முறைப்படி விண்ணப்பம் அனுப்பினார். 'ஆண் குதிரையின் ஏழு தலைமுறையையும் காட்டவும். முட்டிக் கோணல் இருந்தால் மறைக்க வேண்டாம்.' சாயங்காலம் கறையம்மா அலமாரிக் கதவிலிருந்த அட்டைகளையெல்லாம் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாள். செக்கர் ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டிப் பார்த்து, ஓரத்தில் பேனாவால் டிக் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசி அட்டைக்கும் டிக் விழுந்த பிறகு கறையம்மா சம்மதப் பொத்தானை அமுக்கினாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் இவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அடுத்த புதன்கிழமை குட்டி பிறந்தது. கரிய மேனி, வெள்ளிப் பிடரி, கழுத்து தொண்ணூற்றைந்து, நடை தொண்ணூற்றேழு. கறையம்மா போட்ட கூச்சலில் இஸ்திரி போடுகிறவர்கள் ஓடி வந்தார்கள். கொதிகலன்கூட ஒரு நிமிஷம் ஆவி விடாமல் நின்றது என்கிறார்கள். செக்கர் குட்டிக்கு "பி இரண்டு, பதினேழு" என்று பேர் வைத்தார்.

விளையாட்டில் குட்டி வளர ஒரு மாதம் போதும். அது முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை குட்டிகள் போட்டி. ஆயிரத்து நூறு குட்டிகள். கறையம்மாவும் தன் பங்குக்கு, லாயத்தில் ஓரகத்தி என்று பேர் வைத்திருந்த குதிரை பெற்ற குட்டியை இறக்கியிருந்தாள். மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டார்கள். எட்டுக் குட்டிகள் மிஞ்சின, அப்புறம் மூன்று. மூன்றாவது, ஓரகத்தி பெற்றது. இரண்டாவது, எங்கேயோ இருக்கிற ஒரு செம்பட்டைக் குட்டி. முதல் இடத்துக்குத் திரையில் வெள்ளிப் பிடரி ஒன்று வந்து, தண்ணீர் டம்ளர் சிந்தாத நடையில், தலையைத் திருப்பி நடுவரையே முறைத்துவிட்டுப் போனது.

கறையம்மா நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டினாள். கண்ணில் தண்ணீர்.

"ஏம்மா, உன் குட்டி மூணாவதுதானே? ஜெயிச்சது நான். நீ ஏன் இந்தக் குதி குதிக்கிற?"

"முதல்ல வந்தது யாருன்னு நினைச்சீங்க அண்ணி? எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்த பொண்ணு," என்றாள் அவள். "அது மாடியில வளர்ந்தா என்ன, எங்க வளர்ந்தா என்ன? அவர் பொண்ணுதானே."

"அது உண்மைதான்," என்றார் செக்கர். "நடையைப் பார்த்தாலே தெரியுதே. அப்படியே அவன்தான்."

வீட்டுக்காரர் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு, கிளிப்பைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றார் அவர். "ஜன்னல் திறந்திருக்கு."

செக்கர் எழுந்து போய், பாதி திறந்திருந்த அந்த ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.