ஊசி இறங்கும் வரை

அறுபதுகளின் கடைசியில் நான் அரசாங்க மீன்பிடிப் பகுதியில் ஓர் உதவியாளன். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்தவன் என்ற தலைக்கனம் வேறு. முல்லைத்தீவில், களப்பு என்று நாங்கள் சொல்லும் கடற்கழியோரக் கிராமமொன்றுக்கு என்னை அனுப்பியபோது ஒரு புதுக் கருவியும் தந்தார்கள். தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன், அதாவது மீன் மூச்சுவிடும் பிராணவாயு, கரைந்திருக்கிறது என்று அது காட்டும். விரல் தடிப்பில் ஒரு கோல். நுனியில் பொன்னும் வெள்ளியும் பதித்து, உப்புக் கரைசல் விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தோலால் மூடியிருக்கும். தோலுக்குள்ளால் ஒட்சிசன் ஊறிப் போக உள்ளே சிறு மின்சாரம் பிறக்கும். ஒட்சிசன் கூடினால் பெட்டியிலுள்ள ஊசி ஏறும், குறைந்தால் இறங்கும். நான் அந்தப் பெட்டியை பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவேயில்லை.

ஒருநாள் விடிய, களப்பில் மீன்கள் செத்து மிதந்தன. முதல்நாள் பின்னேரம் தனியாகத் தோணியில் போன ஒருவர்மேல் பழி விழுந்தது. காட்டுக்காய் இடித்துக் கலக்கினார் என்றார்கள். நஞ்சு கலக்கியவன் தன் வலைக் கம்புகளைத் தானே பிடுங்கிக்கொண்டு களப்பைவிட்டுப் போகவேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அவரோ, வெக்கையில் தண்ணீர் பழுதாகி மீன் மூச்சடைத்துச் செத்தது என்று தலையிலடித்துச் சொன்னார். ஊர்ப் பெரியவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, உங்கடை பெட்டி என்ன சொல்லுது?"

அன்று காலைதான் அவசர அவசரமாகத் தோலை மாற்றியிருந்தேன். ஊரே பார்க்கக் கோலைத் தண்ணீரில் இறக்கினேன். ஊசி உயரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தது. பழி சுமந்தவர் முழங்காலளவு தண்ணீரில் என் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, ஊசி இன்னும் கீழை இறங்குது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவர் எனக்குப் படிப்பிக்கிறாரா?

"உங்களுக்கு இது விளங்காது," என்றேன். பெரியவரிடம் திரும்பி, தண்ணீரில் ஒட்சிசன் தாராளமாக இருக்கிறது, மீன் மூச்சடைத்துச் சாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பழி சுமந்தவர் தன் தோணியை அவிழ்த்தார். மத்தியானத்துக்குள் கம்புகளைப் பிடுங்கிவிட்டார்.

அடுத்த கிழமை ஒட்சிசன் இல்லாத கரைசலில் கோலைச் சோதித்தேன். உடனே அடியில் விழவேண்டிய ஊசி ஆறுதலாக, மெல்ல மெல்ல ஊர்ந்தது. தோலை ஒருக்கால் உற்றுப் பார்த்தேன். உள்ளே கடுகளவு காற்றுக்குமிழி. அதில் அடைபட்ட ஒட்சிசனைத்தான் நான் களப்பின் ஒட்சிசன் என்று வாசித்திருக்கிறேன். ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி மட்டும் இருந்தார்.

"அவர் புதுக்குடியிருப்புப் பக்கம் வயல் கூலிக்குப் போயிட்டார். சேத்திலை நிண்டு கால் எல்லாம் புண்," என்றார்.

பிழை என்னுடையது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து வைத்து என்னை இருக்கச் சொன்னார்.

"இதை எனக்குச் சொல்லி என்ன ஐயா? அவர் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். நாளைக்குப் பூசை முடிய எல்லாரும் கோயிலடியிலை நிப்பினம். அவைக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அவர் திரும்பி வந்திடுவார்."

"ஓம், கட்டாயம் வாறன்," என்றேன்.

ஞாயிறு காலை, பூசை மணி அடிக்க முன்னமே, முதல் பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டேன்.