பலாமரத்துச் சாக்குகள்

பூரணிக்கு அறவே பிடிக்காத சொல் 'இல்லை'. மாட்டு நோய் எங்கே கிளம்புகிறது, எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வது அவள் உத்தியோகம். நுவரெலியாவில் இருக்கும் மேலதிகாரியோ எந்தத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் "அங்கே நோய் இல்லை" என்பார். போய்ப் பார்த்தீர்களா என்றால், தொழிலாளர் லயத்து மாடுகளுக்குப் பதிவே கிடையாது, எதைப் பார்ப்பது என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரிடம்தான் படிக்க வேண்டும்.

பூரணியும் அந்த வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்த கையோடு புல்லும் அறுத்து வந்து, பால் விற்றுப் படிக்கவைத்த பிள்ளை. அதனால்தான் வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குப் போன அன்று, மாட்டுக்கு முன்னால் அவள் கண் பலாமரத்துக்குப் போனது. மாடு ஈன்றால் கன்றோடு விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டிப் பால் வடிகிற மரத்தில் தொங்கவிடுவது வழக்கம். நாய் தின்றுவிட்டால் மாட்டுக்குப் பால் வற்றும் என்பார்கள். மரம் நிறையப் புதுச் சாக்குகள். கொட்டில்களிலோ ஒரு கன்றின் குரல்கூட இல்லை.

கொட்டில் கழுவிக்கொண்டிருந்த சிவசாமியிடம், "கன்னுக்குட்டியெல்லாம் எங்கண்ணே?" என்றாள்.

"வித்தாச்சுங்க."

"அத்தனையுமா? பொறந்ததும் வாங்குறாங்களா?"

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். "கண்ணு பட்டுருச்சு, டொக்டரம்மா. எல்லாம் செத்துத்தான் பொறந்துச்சு. விட்டுருங்க. நோயின்னு எழுதினா நாளைக்கே பால் லொறி நின்னுரும். மாட்டையும் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க. பதிவில்லாத மாட்டுக்கு நட்டஈடு யாரு தாரது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பூரணிக்கு எரிந்தது.

வாசலில் சிவசாமியின் மனைவி ராசம்மா போர்வைக்குள் சுருண்டிருந்தாள். மாலையானால் காய்ச்சல், விடிந்தால் வேர்வை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லயத்தில் எந்த மாடு குறைமாதத்தில் கன்று வீசினாலும் வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவள் அவள்தான். மாட்டைக் கன்று வீசவைக்கும் நோய் மனிதரையும் பிடிக்கும். ஆனால் மாட்டிலேயே 'இல்லை' என்று எழுதிவிட்ட நோயை அவளிடம் யார் தேடப் போகிறார்கள்?

பூரணி நுவரெலியாவுக்குப் போய், லயத்து மாடுகளைப் பதிவு செய்யக் காதில் குத்தும் தோடுகளைக் கேட்டாள். காணி தோட்டத்துடையது, சொந்த முகவரி இல்லாதவர்களின் மாட்டை எப்படிப் பதிவது என்று மேலதிகாரி சிங்களத்தில் இழுத்தார்.

"மாட்டுக்கு யாரும் கடிதம் போடப் போவதில்லை, சேர்," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "தோடு வராவிட்டால் 'நோய் இல்லை' என்ற உங்கள் அறிக்கையில் என் கையெழுத்தும் வராது."

ஆராய்ச்சியாளர் கையெழுத்தில்லாத அறிக்கை கொழும்புக்குப் போகாது. தோடு வந்தது.

தோடு குத்திய மாட்டைப் பிடித்தால் அரசு நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்று பூரணி சொன்னதும் சிவசாமி தலையாட்டினார். ஆனால் செய்தி தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் காதுக்கும் போயிருந்தது; தோட்டத்துக் காணியில் லயத்தாருக்கு எந்தப் பதிவும் கூடாது என்பது அவர் கட்சி. பூரணி இரத்தம் எடுக்க வந்த காலையில் தோட்டத்துக் கேட் பூட்டிக் கிடந்தது. அவள் ராசம்மாவுக்குப் போன் போட்டாள்.

"துரை உள்ள விடமாட்டேங்கிறாருக்கா."

"கேட்டுக்கு உள்ளதானே அவரு துரை? நீங்க ரோட்டுலயே நில்லுங்க."

கொஞ்ச நேரத்தில் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் மாடுகள் இறங்கி வந்தன. முன்னால் ராசம்மா, போர்வையோடு. மழைத் தூறலில் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோனது. சிவசாமி கொம்பைப் பிடிக்க, நடுரோட்டில் ஒவ்வொரு மாடாகத் தோடு குத்தி இரத்தம் எடுத்தாள் பூரணி. துரை பங்களாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும்!

முடிந்ததும் ராசம்மா கையை நீட்டினாள். "எனக்கும் எடுங்க."

"நான் மாட்டு டொக்டர்க்கா."

"தெரியும். மாட்டைப் பதிஞ்சாச்சு. என்னைய எப்ப பதிவீங்க?"

பூரணி அவளை ஜீப்பில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கன்று வீச்சு நோய்க்குப் பரிசோதிக்கச் சொன்னதும் அங்கிருந்த டொக்டர் புருவத்தைத் தூக்கினார். "அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு நோய் இல்லையே?"

"தேடினால்தானே இருக்கும், சேர்," என்றாள் பூரணி. "இன்றைக்குத்தான் தேடத் தொடங்கியிருக்கிறோம்."

டொக்டர் ஊசியை எடுக்கும் முன்பே ராசம்மா ஜாக்கெட் கையைச் சுருட்டியிருந்தாள்.