பாடாங் பத்துவுக்கு மேல எனக்கு வேலையில்லையாம்

மலைக்கு மூட்டை தூக்குற பொழப்புல ஒரு சௌகரியம் இருக்கு: பூவு, பறவைன்னு எதையும் பாக்குற தொல்லையே கிடையாது, முன்னால போறவரு குதிகாலைப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்துடலாம். அடுத்தவன் சாமானை முதுகுல சுமந்த யாராவது இதைப் படிச்சா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குத் தெரியும்.

மெர்டேக்கான்னு நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, காட்டுக்குள்ள துப்பாக்கிச் சத்தம் ஓஞ்சதும், மலாக்கா டவுன் ஆபீஸ்காரங்களுக்கெல்லாம் லெடாங் மலை ஏறுற ஆசை வந்துருச்சு. எங்க ஊரு காஜா பெராங்ல இருந்து நானும் கூட்டாளி நடேசனும் மூட்டையோட லோரியில போவோம். முக்கால்வாசி மலை இருட்டுக் காடு, வேரும் அட்டையுமா. அதுக்கு மேல மரமெல்லாம் இடுப்பளவுக்குக் குட்டையாகி, திடீர்னு வெட்டவெளி. பாறை, புதர், குடுவைச் செடி, ஆளத் தள்ளுற காத்து. அந்த இடத்துக்குப் பேரு பாடாங் பத்து. மூட்டைக்காரன் அங்கயே நின்னு சோறாக்கணும். துவான்மாருங்கன்னு நாங்க கூப்புடுற ஆபீஸ் தொரைங்க கைய வீசிக்கிட்டு உச்சிக்குப் போய்ட்டு வந்து சுடச்சுடச் சாப்பிடுவாங்க. ரெண்டு வருசமா ஏறுறேன், உச்சிய நான் பாத்ததில்ல. ஒரே ஒரு தடவை அங்க நிக்கணும், அவ்வளவுதான் என் ஆசை.

இஸ்திரிப் பெட்டி

ஒரு தடவை மூட்டை இடுப்பை ஒடிக்குது. ஏதோ கூரா இடிக்குது வேற. பாதிக் காட்டுல எறக்கிப் பிரிச்சுப் பாத்தா, உள்ள இஸ்திரிப் பெட்டி! கரி போட்டுத் தேய்க்கிற இரும்புப் பெட்டிங்க! ஒரு சின்ன கிராணி, அதான் ஆபீஸ் குமாஸ்தா, உச்சியில படம் புடிக்கையில சட்டை கசங்கியிருக்கக் கூடாதுன்னு வச்சிருக்காரு. “சார், இது நியாயமா?”ன்னு கேட்டேன். மனுசன் முகத்துல எவ்வளவு கருணை தெரியுமா?

“உனக்குப் பாரமா இருக்குமேன்னுதான்பா கரிய வீட்டுலயே வச்சுட்டு வந்தேன்.”

வாத்தியார் பிரசங்கம்

நடேசன் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னால இங்க வந்து குடியேறுன தமிழ் வம்சம். வீட்டுல பேசுறது மலாய்தான், தமிழ் தெரியாது. ஆனா அவன் வீட்டு வாசல்ல மாவிலை தொங்காத நாளே கிடையாது. ஒரு வாத்தியாரு, “தமிழனாப் பொறந்து தமிழ் தெரியலையா? வெக்கமா இல்ல?”ன்னு ஆரம்பிச்சாரு. அவன் முதுகுல அவரோட மூட்டை, அவன் காதுல அவரோட பிரசங்கம், ஒரு மணி நேரம்! எனக்கு ரத்தம் கொதிக்குது. இவன் என்னடான்னா ஒவ்வொண்ணுக்கும் மரியாதையாத் தலைய ஆட்டுறான். கடைசியா என்கிட்ட வந்து மலாய்ல மெதுவாக் கேட்டான்:

“பாவம், இந்த ஆளு இவ்வளவு நேரமா என்ன விக்கப் பாக்குறாரு?”

ஒரு எட்டு

பெரிய கிராணியார்தான் எல்லாருக்கும் தலைவரு. அவரு சொல்லாம ஒருத்தரும் தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. ஒரு நாள் துணிஞ்சு கேட்டுட்டேன்: “அய்யா, நானும் ஒரு எட்டு வந்து பாத்துட்டு ஓடியாந்துடட்டுமா?” அவரு மூக்காலதான் பேசுவாரு, முன்னால ஒரு கனைப்பு கனைச்சுட்டு.

“க்கும்! மேல என்ன இருக்கு மாணிக்கம்? வெறும் காத்து. அதை நாங்க பாத்துக்கிறோம், நீ போய் உலையப் பாரு.”

க்கும்

அடுத்த தடவை கிராணியாருக்கு முழங்கால் புடிச்சுக்கிச்சு. பாடாங் பத்துலயே ஒரு பாறைக்குப் பின்னால படுத்தவரு, தொப்பிய மூஞ்சியில கவுத்துக்கிட்டுத் தூங்கிட்டாரு. மத்தவங்க கெளம்புறாங்க. மூடுபனி எறங்குது. எனக்கு நாக்கு அரிக்குது. பாறைக்குப் பின்னால குந்திக்கிட்டு, மூக்கைப் புடிச்சு அவரு குரல்லயே ஒரு சத்தம் விட்டேன்: “க்கும்! மாணிக்கத்தையும் கூட்டிட்டுப் போங்கய்யா! சோத்த நடேசன் பாத்துக்குவான்!” ஒருத்தரும் திரும்பிக் கூடப் பாக்கல. “சரிங்க சார்!”ன்னு பனிக்குள்ள இருந்து பதில். நடேசனுக்குப் புரிஞ்சது அவன் பேரு மட்டுந்தான், அகப்பைய வச்சுக்கிட்டு முழிக்கிறான்.

ஏறுனேங்க. உச்சியில நின்னேன். பனி ஒரு ஓரமா விலகுச்சு, தூரத்துல கடல் ஒரு கோடு. காஜா பெராங்கைத் தேடுனேன், தெரியல. முதுகுல ஒண்ணுமில்லாம நின்னா காத்து சட்டைக்குள்ள பூந்து விளையாடுது. வெறும் காத்துன்னாரே, பாவி மனுசன்! இதையா ரெண்டு வருசம் எனக்குக் காட்டாம வச்சிருந்தீங்க?

எறங்கி வந்தா, கிராணியாரு முழிச்சு உக்காந்திருக்காரு. “இவனை யாரு மேல விட்டது?” இன்னியோட என் வேலை போச்சுன்னு நெனச்சேன். எல்லாரும் ஒரே குரலா, “நீங்கதான சார் சொன்னீங்க!” அவரு என்னைப் பாத்தாரு. அவங்களைப் பாத்தாரு. தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டாரு.

“க்கும்! ஆமா, நான்தான் அனுப்பினேன். நான் சொல்லாம ஒருத்தன் உச்சிக்குப் போயிட முடியுமா?”

நியாயமாக் கேட்டுக் கிடைக்காததை மூக்கைப் புடிச்சுத் திருடுனேன், அந்தத் திருட்டையும் அவரு தருமக் கணக்குல சேத்துக்கிட்டாரே, இந்த அநியாயத்தை நான் எந்த மலையில ஏறிச் சொல்ல!