அக்காவின் பத்தாவது விரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. போடிப் பக்கம் ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் நானும் என் அக்காவும் காலையிலிருந்து மாலை வரை கிடந்தோம். அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ராசிங்காபுரத்தில் இருக்கும் எங்கள் வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். வாரிசு நாங்கள் இரண்டு பேர்தான். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆசைப்பட்டேன். அதற்குப் பட்டா என் பெயருக்கு மாற வேண்டும். அப்படி மாற, அக்கா தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கூடப் பிறந்தவள் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவாள், தம்பி ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பான். நானும் சேலை எடுத்து வைத்திருந்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பிள்ளைகள் இல்லை. கல்யாணமான சில வருடங்களிலேயே கணவர் இறந்துவிட, அதிலிருந்து மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டு, தொழிலாளர்களுக்கு அவர்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் படித்ததே அவள் அந்த மலைக்கு ஜீப் ஏறியதால்தான். அன்று விடியும் முன்பே கிளம்பி, எனக்கு முன்னாலேயே அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

சர்வர் வேலை செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம் போனது. ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். ஆதாரைச் சரிபார்க்கக் கைரேகை வைக்க வேண்டும். என் கட்டை விரலை வைத்ததும் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா வைத்தாள், சிவப்பு. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் சிவப்பு. கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். பத்திர எழுத்தர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். வரிசையில் நின்ற ஒருவர் எண்ணெய் தடவச் சொன்னார். எல்லாம் செய்தோம், விரல் ஊறுகாய் ஆனதுதான் மிச்சம். ஆதார் மையத்துக்கு ஓடினோம். ரேகையைப் புதிதாகப் பதியலாம், ஆனால் சில நாள் ஆகும் என்றார்கள். திரும்ப ஓடி வந்தோம்.

நானே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். "நாளைக்கு வாங்க" என்று ஊராரிடம் சொல்லிப் பழகிய வாய். அதே பதில் எனக்கே கிடைத்தபோது தாங்க முடியவில்லை. அங்கே இருக்கிறவர்களிடம் கோபத்தைக் காட்ட முடியுமா? இளைத்தவள் அக்காதான்.

"நல்லா அழுத்தித்தான் வையேன்க்கா! ஒரு வெரல வைக்கக்கூடவா தெரியாது?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அக்கா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இயந்திரத்தருகே இருந்த பெண் ஊழியர்தான் பேசினார். "சத்தம் போடாதீங்க சார். ஏலக்கா எடுக்குற கை. எங்கம்மாவுக்கும் இப்படித்தான், ரேசன் கடையில ஒரு வெரலும் விழாது." பிறகு அக்காவிடம், "கூட்டம் கொறஞ்சதும் வாங்கம்மா, ஒவ்வொரு வெரலா வச்சுப் பாப்போம்" என்றார்.

வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அப்போதுதான் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஏலக்காய், செடியின் தூரில் மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்ப்பது. நாளெல்லாம் குனிந்து, ஈர மண்ணில் விரலை விட்டு ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். அவள் விரல் நுனிகள் கறுத்து, வெடித்து, ரேகை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் தேய்ந்திருந்தன.

"இன்னும் எத்தன வருசம்க்கா இந்த வேல?" என்று கேட்டேன்.

"குனிய முடியிற வரைக்கும் தம்பி" என்று சிரித்தாள். "முடியலேன்னா லயத்தக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அது கெடக்கட்டும், நீ வெரசா சோலிய முடி. கடைசி ஜீப்பு போயிரும்."

காலி செய்துவிட்டு எங்கே போவாள்? அவளுக்கு உரிமை இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அதைத்தான் நான் ஒரு சேலைக்கு எழுதி வாங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உடனே வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது வீட்டு ஆசை அப்படி. அந்த இயந்திரமே ஒத்துக்கொள்ளாமல் போனால் தேவலை என்று கோழை மாதிரி நினைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு அந்தப் பெண் ஊழியர் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து வைக்கச் சொன்னார். ஒன்பது விரலும் சிவப்பு. கடைசியாக இடது கைச் சுண்டு விரல். காய் கிள்ளும்போது அந்தக் கை சரத்தைத் தூக்கிப் பிடிக்கும், சுண்டு விரல் மட்டும் சும்மா மடங்கி இருக்குமாம். பச்சை எரிந்தது.

"விழுந்துருச்சுடா!" என்று அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

தன் வீட்டை விட்டுக் கொடுக்கப் போகிறவளின் சிரிப்பு அது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "மேடம், இந்தப் பத்திரம் வேண்டாம்" என்றேன்.

பத்திர எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண் ஊழியர் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து, வீடு இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாக இருக்கட்டும் என்று சொன்னதும் அக்காதான் திட்டித் தீர்த்தாள். "கிறுக்குப் பயலே, இதுக்கா காலையில இருந்து என்னைய இந்தப் பாடு படுத்துன?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேலைய மட்டும் கொண்டா, அத நான் விட மாட்டேன்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு ஜீப் ஏறினாள்.

அடுத்த மாதம் அதே அலுவலகத்தில் அக்காவுக்கும் எனக்குமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். இந்தத் தடவை அக்கா யாரும் சொல்லாமலே சுண்டு விரலை நீட்டினாள். வீடு கட்டி முடிந்துவிட்டது. தெருப்பக்கத்துப் பாதி அவளுடையது, சாவியும் அவளிடம்தான்.

இப்போதும் எங்கேயாவது கட்டை விரலை வைத்தவுடன் எனக்குப் பச்சை விளக்கு எரியும்போது, அக்காவின் ரேகை அழிந்ததால்தான் என் ரேகை இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.