லூஷியஸ் கட்டிய கயிறு

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தருவார்கள் என்று நம்பித்தான் லூஷியஸ் பெட்டிஃபோர்ட் அலபாமாவிலிருந்து வீறாப்பாகப் புறப்பட்டு வந்தான். மிசிசிப்பி முகாமில் அவன் கையில் கொடுத்தது சோப்பு. எங்கள் கறுப்பர் பிரிவுக்குச் சலவை வேலை. வெள்ளைச் சிப்பாய்களின் ஜட்டியைத் துவைத்தே ஜெர்மன்காரனை ஒழிக்கப்போகிறோம் என்பான்.

முகாம் சினிமாக் கொட்டகையில் எங்களுக்குக் கடைசி நாலு பெஞ்சு. குறுக்கே ஒரு கயிறு. அதற்கு முன்னால் வெள்ளையர்கள். ஒருநாள் கதாநாயகி சாகும் கட்டத்தில் லூஷியஸ் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். செத்தவள் மூச்சு விட்டாளாம். அதற்குத் தண்டனையாக, தினமும் அந்தக் கயிற்றைக் கட்டும் வேலை அவன் தலையில் விழுந்தது.

கொஞ்ச நாள் ஒழுங்காகக் கட்டினான். பிறகு ஒரு பெஞ்சு முன்னால் தள்ளிக் கட்டினான். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்த முகாம். புதிதாக வந்தவர்களுக்குப் பழைய இடம் தெரியாது. கயிறு மெல்ல மெல்ல முன்னேறியது. நாங்கள் காலை நீட்டிப் படுத்தே படம் பார்த்தோம். அவர்களில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். கயிற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதைவிட அது மேல் என்று நினைத்தார்கள் போல.

எங்கள் சார்ஜென்ட் ஹோஸியா டப்ஸும் கறுப்பர்தான். அவர் லூஷியஸைத் தனியே இழுத்துப்போனார்.

"போதும்டா. எங்களையும் சேர்த்து உள்ள தள்ளிருவாங்க."

"கட்டச் சொன்னீங்க சார்ஜென்ட். எங்க கட்டணும்னு சொல்லலையே."

ஒரு சனிக்கிழமை முகாமின் தலைவரான கர்னல் தன் மனைவியோடு வந்தார். வெள்ளையருக்கு மிச்சமிருந்தது முதல் பெஞ்சுதான். அண்ணாந்து பார்த்தே அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. முகத்தை இறக்க முடியாமல் எழுந்து திரும்பியவர், கயிறு தடுக்கி, இரண்டாம் பெஞ்சிலிருந்த லூஷியஸின் மடியில் விழுந்தார்.

"கயித்த யாருடா இங்க கட்டினது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார். மழையில சுருங்கிருச்சு. பின்னால தூணுக்கு எட்டல."

கர்னலின் மனைவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

மறுநாளே பழைய இடத்தில் இரும்புக் கம்பி நட்டார்கள். அதைப் பார்த்து லூஷியஸ் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தண்டனையாக அதிகாரிகளின் அடுக்களையில் அவனைப் பாத்திரம் தேய்க்க விட்டார்கள். இரண்டொரு நாளில் தேறி, கழுத்து பிடித்த கர்னலை நடித்துக் காட்டத் தொடங்கினான். நாங்கள் சினிமாவை விட்டு அங்கே போய் உட்கார்ந்தோம். வெள்ளைச் சமையல்காரர்கள் இரண்டு பேரும் எங்களோடு நின்று சிரித்ததை டப்ஸ் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

போர் முடிந்ததும் லூஷியஸ் அலபாமாவுக்கே திரும்பி மொபீல் நகரில் பொரித்த மீன் கடை வைத்தான். இவன் பேச்சு சுவாரசியத்தில் பாதி மீன் கருகும். கூட்டம் மட்டும் குறையவில்லை.