இந்த ரிவோல்வர் வெடிக்குமோ?

போன மாதக் கடைசியில், ஒரு பாலை மரத்தின் நடுக்கொப்பில் இருந்துகொண்டு என் மைத்துனன் நவரத்தினம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"அத்தான்... அது வெடிக்குமே?"

புதுக் கேள்வி அல்ல. பன்னிரண்டு வருஷமாக என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதுதான். ஒரே ஒரு வித்தியாசம். இந்த முறை மரத்துக்குக் கீழே கரடி நின்றது.

நவரத்தினம் என் மனுசியின் தம்பி. வயது முப்பத்திரண்டு. வருகிற ஆவணியில் கலியாணம். கரடி பிடித்தால் முதலில் முகத்தைத்தான் பிடிக்கும். அப்படிப் பிடிபட்டவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் அதற்கு முதலே கலியாணம் முடிந்திருந்தது. ஆகவே பெரிய பாதகமில்லை.

மரத்தில் இருப்பவனுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். கரடி மரம் ஏறும். நவரத்தினத்தை விட நன்றாக ஏறும்.

கரடி நிற்கட்டும். முதலில் ரிவோல்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வட்டக்கச்சியில் காணி கிடைத்து நாங்கள் வந்து குடியேறிய புதிது. வாய்க்கால் வேலை பார்த்த ஓவசியர் ஒருவர் மாற்றலாகிப் போனார். போகிற பயணத்தில் ஒரு மடக்குக் கதிரையையும் ஒரு ரிவோல்வரையும் விற்றார். இரண்டும் சேர்த்து இருபது ரூபாய். எதற்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கதிரை அடுத்த மாரியோடு உக்கிப் போனது. ரிவோல்வர் இருக்கிறது.

சின்னது. உள்ளங்கையில் அடங்கும். மேலே வெள்ளி போல ஒரு பூச்சு, பாதி உரிந்தது. மரப்பிடி. தோட்டா போட ஐந்து அறை. செய்த கம்பனியின் பெயர் குழலில் இருந்ததாம். தேய்ந்து இரண்டு எழுத்துத்தான் மிச்சம். ஓவசியரின் தகப்பன் காலத்தில் இதைக் கடையில் கத்தரிக்கோல் விற்கிற மாதிரி விற்றார்களாம். அவ்வளவு மலிவு.

அதோடு தோட்டாவும் தந்தார். ஒன்று.

"மற்றது எங்கை ஐயா வாங்கிறது?" என்று கேட்டேன்.

"வாங்கேலாது. இந்தச் சாதித் தோட்டா இப்ப வாறேல்லை. கவனமா வைச்சிரும்" என்றார்.

மற்றத் தோட்டாக்களுக்கு அடிப்பக்கத்தில் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். அடி அதில் விழ வேண்டும். இதற்குப் பொட்டு இல்லை. தீப்பிடிக்கிற மருந்து விளிம்பைச் சுற்றிவர இருக்கிறது. துவக்கின் குதிரை விளிம்பில்தான் அடிக்கும். ஓவசியர் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு அடியிலை வெடிக்காட்டி எறிஞ்சு போடாதையும். கொஞ்சம் திருப்பி வைச்சு அடியும். விளிம்பு சுத்திவர இருக்குத்தானே."

கேட்டு வைத்தேன். சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன சோதனை? வெடித்தால் முடிந்தது. வெடிக்காவிட்டால் கவலை. இரண்டுக்கும் அது சும்மா இருப்பதே நல்லது.

வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோவேன். கிளாக்கர் கையில் எடுப்பார். உருளையைச் சுழற்றுவார். கிர்ரென்று சுற்றும். ஒரு கண்ணை மூடிச் சுவரில் இருக்கும் மணிக்கூட்டைக் குறி பார்ப்பார். பிறகுதான் பேனை எடுப்பார்.

"இது வெடிக்குமோ?"

"தெரியாது ஐயா."

"பிறகென்னத்துக்குக் காணும் லைசன்ஸ்?"

"தற்செயலா வெடிச்சால்... அதுக்குத்தான் ஐயா."

கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டு இன்னொரு முறை சுழற்றுவார்.

கிளாக்கர் மட்டுமா? ஊர் விதானையார் அப்படித்தான். முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அந்தோனிப்பிள்ளை அப்படித்தான். கருவாட்டுக் கடகத்தை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் எங்கள் தென்னையைக் குறி பார்ப்பார். எல்லாருக்கும் அதே சுழற்றல். அதே ஒற்றைக் கண். அதே கேள்வி. கடைசியில், "விக்கிற எண்ணம் இருந்தால் எனக்கொரு சொல்லுச் சொல்லும்."

அடுத்த காணிக்காரர் கந்தப்புவிடம் நல்ல துவக்கு இருக்கிறது. இரண்டு குழல். போன காலபோக விதைப்பில் மட்டும் பன்றி நாலு விழுத்தினார். அதை ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வேலை செய்கிறதை யார் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள்? மண்வெட்டியை யார் பார்க்கிறார்கள்?

நானும் யோசித்திருக்கிறேன். வெடிக்குமோ தெரியாது. தோட்டா கிடைக்காது. அழகும் பெரிதாக இல்லை. பிறகு என்ன ஆசை?

எனக்குப் பட்டது இதுதான். பெரிய துவக்கைக் கண்டால் மனிதனுக்குப் பயம். இதைக் கண்டால் பயம் இல்லை. ஆனால் ஆயுதம். பயம் தராத ஆயுதம் எல்லாருக்கும் பிடிக்கும். விலையும் எட்டுகிற விலை. நாங்களும் ஒன்று வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

என் மனுசி பூமணிக்கு மட்டும் தோன்றவில்லை. "தும்மினால் உந்த இரும்பை விடக் கூடச் சத்தம் வரும்" என்பாள். அதைக் குசினியில் புளிச்சாடியின் மூடிக்குப் பாரமாக வைத்திருந்தாள். பாரத்துக்கு நல்லது என்றும் சொன்னாள். நியாயமாகப் பேசுகிறவள்.

நவரத்தினம் பன்னிரண்டு வருஷமும் ஆசைப்பட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினால் முதலில் குசினிக்குத்தான் போவான். தமக்கை நினைப்பாள் தன்னைப் பார்க்க வருகிறான் என்று. அவன் புளிச்சாடியைப் பார்க்கப் போவான்.

இந்த முறையும் வந்தான். ஆனி மாதம். பாலைப்பழக் காலம். பூமணி ஓலைப் பெட்டியைத் தந்து, "கலியாண மாப்பிளை, அத்தானோடை போய்ப் பழம் ஆய்ஞ்சு கொண்டு வா" என்றாள்.

நான் கோடாலியை எடுத்தேன்.

"கோடாலி என்னத்துக்கு அத்தான்? இதைக் கொண்டுபோவம்" என்றான். ரிவோல்வர் ஏற்கெனவே அவன் இடுப்பில் இருந்தது, தோட்டாவும் போட்டபடி.

கோடாலியைத் திரும்ப வைத்தேன். ஏன் வைத்தேன்? இன்றைக்கும் கேட்டுப் பார்க்கிறேன்.

காட்டு வாசலில், வழித்துணைக்கென்று பிள்ளையாருக்குக் கொப்பு முறித்துப் போட்டோம். அது சரியாகச் செய்தோம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பாலைப்பழத்துக்குப் போகிறவர்கள் கூவிக்கொண்டு போக வேண்டும். "ஹூ... ஹூ..." என்று. பழக் காலத்தில் கரடிக்கும் அதுதான் சாப்பாடு. சத்தம் கேட்டால் அது தன் பாட்டில் விலகிப் போய்விடும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நாங்கள் கூவவில்லை.

மறதி இல்லை. வாய் திறக்க ஒரு மாதிரி இருந்தது. இடுப்பில் ரிவோல்வரோடு நடக்கிறவன் கூவமாட்டான். பக்கத்தில் நடக்கிறவனும் கூவமாட்டான். கால் மெல்ல வைப்பான். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். நவரத்தினம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து உருளையைச் சுழற்றினான். கிர்... கிர்...

நல்ல மரமாகப் பார்த்து ஏறினான். ஏற முதல், "பிடியுங்கோ அத்தான், இடுப்பிலை குத்துது" என்று ரிவோல்வரை என்னிடம் தந்தான். மேலே போய்க் கொப்பை உலுப்பினான். பழம் மழை மாதிரிக் கொட்டியது. நான் பெட்டி எடுக்கப் பத்துப் பாகம் தள்ளிப் போனேன். திரும்பினேன். பழத்தை வேறு ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கறுப்பு. நெஞ்சில் வெள்ளைக் கோடு.

கிட்ட வந்த கரடிக்குக் கூவக்கூடாது. கூவினால் பாயும். கூவ வேண்டிய நேரம் காட்டு வாசலிலேயே முடிந்துவிட்டது. நான் அசையவில்லை. அது பழத்தை ஊதி ஊதித் தின்றது. முடிந்தது. மேலே பார்த்தது.

நவரத்தினம் இன்னொரு கொப்பை உலுப்பினான்.

"டேய், உலுப்பாதை. பழம் விழுந்தால் அது போகாது" என்றேன், மெல்ல.

"உலுப்பாட்டி மேலை வருமே, அத்தான்!"

இரண்டும் சரி.

அவன் கைக்கு எட்டின பழம் முடிந்தது. கரடி மரத்தில் இரண்டு கையையும் வைத்தது. அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். வெடிக்குமே?

"பாப்பம்" என்றேன்.

ஐந்து அறை. ஒரு தோட்டா. அது எந்த அறையில்? வழி முழுக்க அவன் சுழற்றியதில் யாருக்கும் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும். கரடி முன்னால் நிற்கும்போது கண் குனியாது. குதிரையை இழுத்தேன். விசையை அமர்த்தினேன்.

டிக்.

இழுத்தேன். டிக். இன்னும் ஒன்று. டிக்.

"எத்தினை அறை அத்தான்?"

"அஞ்சு."

"எத்தினை போச்சு?"

"மூண்டு."

"அப்ப... கெதியா அடியுங்கோவன்!"

நாலாவது. இந்த முறை டிக் இல்லை. டக். குதிரை தோட்டாவில்தான் விழுந்தது. வெடிக்கவில்லை.

"என்ன அத்தான்?"

"இதிலைதான் தோட்டா."

"பிறகேன் வெடிக்கேல்லை?"

"தெரியாது."

கரடி ஒரு ஆள் உயரம் ஏறிவிட்டது. நவரத்தினம் காலை மடித்துக்கொண்டான். அவன் ஒரு கையால் முகத்தைப் பொத்தியதைக் கண்டேன். கலியாண நினைவு அந்த நேரத்திலும் இருந்தது.

எனக்கு ஓவசியர் நினைவு வந்தது. குதிரையைப் பாதி இழுத்தால் உருளை கையால் சுற்றும். பக்கத்தில், தோட்டா போடுகிற இடத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது. அறையை அதற்கு நேரே கொண்டுவந்து, தோட்டாவின் விளிம்பை நகத்தால் கொஞ்சம் திருப்பினேன். அடுத்த இழுப்புக்குக் குதிரைக்கு நேரே வருகிற மாதிரிக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று மூச்சு வேலை.

இழுத்தேன். அமர்த்தினேன்.

வெடித்தது.

பூமணி சொன்னது பிழை. தும்மலை விடப் பெரிய சத்தம். காடு முழுக்க ஒரு தரம் போய்த் திரும்பி வந்தது. புகையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குண்டு எங்கே போனது? இன்றுவரை தெரியாது. கரடியில் படவில்லை. நவரத்தினத்திலும் படவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

புகை விலகியபோது கரடி கீழே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது. போனது. ஓடவில்லை, போனது.

நவரத்தினம் இறங்க ஒரு மணித்தியாலம் ஆனது. இறங்கும்போது கால் சறுக்கி, மரப்பட்டையில் கன்னம் உரஞ்சிவிட்டது. நாலு கோடு. கரடி விட்டதை மரம் செய்தது. தரையில் கால் வைத்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை:

"முதல் மூண்டும் என்னத்துக்கு அத்தான் வெறும் அறையிலை அடிச்சனீங்கள்?"

"சுழட்டினது ஆர்?"

பிறகு வீடு வரும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. கூவிக்கொண்டு வந்தோம்.

பூமணி தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். என் கையிலிருந்த ரிவோல்வரை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அலுமாரியைத் திறந்து தன் கூறைச் சேலைக்கு மேலே வைத்தாள். புளிச்சாடிக்கு இப்போது ஒரு கல் இருக்கிறது.

பெண் வீட்டில் அந்த நாலு கோடும் கரடி கீறியது என்றுதான் கதை. மாப்பிள்ளையின் மதிப்புக் கூடியிருக்கிறதாம். நான் திருத்தவில்லை. வெறும் தோட்டாக் கோதையும் அவன் கேட்டு வாங்கி அரைஞாணில் கட்டிக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் ஆசைப்பட்ட ரிவோல்வரைக் கேட்கவில்லை.

நடுவில் பொட்டு வைத்த தோட்டாவுக்கு ஒரு அடிதான். அது பிழைத்தால் பிழைத்ததுதான். விளிம்பில் அடிக்கிற தோட்டா ஒரு பக்கம் அடி வாங்கிப் பேசாமல் இருந்தாலும் மற்றப் பக்கம் மிச்சம் வைத்திருக்கும். மலிவான சாமானில் இப்படி ஒரு தயவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இப்போது தோட்டா முடிந்தது. இனி அது வெறும் இரும்பு. கேட்டு வருகிறவர்களும் முடிந்தார்கள் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நெளுக்குளத்திலிருந்து ஒருவர் ரயிலேறி வந்தார். அரிசி மில்காரர். கரடிக் கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ரிவோல்வரைக் கையில் எடுத்தார். சுழற்றினார். ஒரு கண்ணை மூடித் தென்னையைக் குறி பார்த்தார். நாற்பது ரூபாய் தருகிறேன் என்றார்.

நான் வாய் திறக்க முதல் குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது.

"அது விக்கிறதுக்கில்லை."

மில்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இருந்த ஒரு தோட்டாவும் முடிஞ்சுதாமே. வேறை வாங்கவும் ஏலாது. இனி இது வெடிக்குமே?"

"வெடிக்காது."

"பிறகென்னத்துக்குப் பிள்ளை வைச்சிருக்கிறியள்?"

பூமணி தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.

"வெடிக்காதெண்டு கரடிக்குத் தெரியாதே."

உண்மைதான். நாங்கள் சொல்லவில்லை. படிக்கிற நீங்களும் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடாதீர்கள்.