கதவடியில் நின்ற கொங்காக்காரர்

சுவிஸில், லாங்கன்தாலில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்றால் எங்கள் கோஷ்டியைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நான் சனி, ஞாயிறுகளில் கோஷ்டியின் பாடகி. கோஷ்டியை நடத்தியவர் கீபோர்ட் வாசிக்கும் அண்ணை. கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணனென்றே நம்பியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. சரணத்துக்கு முன் மூச்செடுக்கக் கொஞ்சம் கூடுதலாக நேரம் வேண்டும்.

ஒரு கியூபாக்காரரை சோலோதுர்ன் ஆற்றங்கரையில், ஒரு கோடை விழாவில் கண்டேன். கொங்கா என்ற நெட்டை மேளம் வாசிப்பவர், அறுபதைத் தாண்டியவர். சனமெல்லாம் ட்ரம்பெட்காரனுக்குக் கைதட்டியது. இவர் பின்னால் இருந்து, ரொட்டிக்கு மா தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்த இடத்தில்தான் ஆடியவர்களின் கால் விழுந்தது. என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன், எங்களோடு வாசிக்க வந்தார்.

முதல் பாட்டிலேயே என் இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டார். சரணம் வரும்போது உள்ளங்கையைக் கொங்காவின் தோலில் வைத்து அப்படியே காத்திருப்பார். என் நெஞ்சு நிறைந்ததும் விரல் நுனியால் ஒரு தட்டு. அவ்வளவுதான். சபையில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். அவர் இருந்தால் பயமில்லாமல் பாடினேன்.

"அந்த ஆள் அடிக்கிறதே கேக்கேல்லை" என்று சிலர் முணுமுணுத்தார்கள். எங்கள் சனத்துக்கு மேளமென்றால் காது கிழிய வேண்டும்.

"அண்ணை, அவர் இல்லாட்டி நான் பாடமாட்டன்" என்றேன்.

"ஓம் ஓம், ஆர் இப்ப அவரை நிப்பாட்டப் போகினம்?" என்று சிரித்தார்.

அடுத்த ஒத்திகையில், எங்கள் கட்டடத்து நிலவறைப் பங்கரில் வைத்து, "தங்கச்சி, அவரைத் தனிய வாசிக்கச் சொல்லு. மைக் சரியோ எண்டு பாக்க வேணும்" என்றார். நான் ஜெர்மனில் சொன்னேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட தாளமெல்லாம் வாசித்தார். முடிந்ததும், "உனக்குப் போதுமா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அடுத்த கல்யாணத்தன்று அவரைக் காணவில்லை. "அவருக்கு வேறை நிகழ்ச்சியாம், வரேல்லையாம்" என்றார் அண்ணை. நம்பி மேடையேறினேன். பாட்டுத் தொடங்கியதும் கீபோர்டிலிருந்து அதே கொங்கா வந்தது. அதே விரல்கள், அதே தட்டு. உடம்பெல்லாம் எரிந்தது. மைக் பார்க்கிறோம் என்று சொல்லி அவரைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரணம் வந்தது. நான் மூச்செடுத்து முடிக்குமுன் தாளம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. பாட்டு நின்றது. அப்போதுதான் கதவடியில் அவரைக் கண்டேன். கொங்காவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். வர வேண்டாமென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மைக்கை வைத்துவிட்டு ஓடினேன். "தங்கச்சி, சபையிலை மானத்தை வாங்காதை!" என்று பின்னால் கத்தினார் அண்ணை. யாருடைய மானம்?

வெளியில் அவர் கொங்காவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அன்றைக்குத் தனியாக வாசிக்கச் சொன்னது இதற்குத்தானா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது" என்றேன்.

மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை. எப்படி நம்புவார்? வாசிக்கச் சொல்லிக் கேட்டது என் வாய்தானே.